பதினோரு வீட்டு முட்டைகள்

எங்கள் கால்நடைத் துறையில் இப்போது கோழிக்குஞ்சுகளை மின்விளக்குச் சூட்டில் ஒரு மாதம் வளர்த்து, தடுப்பு மருந்து கொடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். தாய்க்கோழிக்கு அதில் வேலை இல்லை. சென்ற மாதம் தஞ்சாவூரில் நடந்த ஓய்வுபெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது பணியில் இருக்கும் பெண் ஆய்வாளர் ஒருவர் என்னிடம் வந்தார். அடை உட்காருகிற கோழியாகக் கொடுங்கள் என்று கிராமத்துப் பெண்கள் கேட்கிறார்கள், அப்படிப்பட்ட கோழி எங்கள் பக்கம் ஏன் இல்லாமல் போயிற்று என்று விசாரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காபி வருகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, அவ்வளவுதான். பணியில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு எனக்குக் கோழி அபிவிருத்தி உதவியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சி. கூண்டு கழுவுவது, தீனி கலப்பது, முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்துக் கரு இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் கற்றேன். பிறகு பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தில் போட்டார்கள். ஓடு போட்ட ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி, ஒரு டாக்டர், நான். பொரிப்பு யந்திரம் எங்களிடம் இல்லை. அது தஞ்சாவூர்ப் பெரிய பண்ணையில் இருந்தது.

டாக்டரின் பெயர் சேவியர். கால்நடை மருத்துவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாகச் செய்தால் திட்ட மாட்டார். "இன்னொரு தடவை செய்யுங்க" என்பார். அதையும் தப்பாகச் செய்தால், அதே குரலில், "இன்னொரு தடவை." ஒருநாள் ஒரே கோழிக்குஞ்சை இறக்கை விரித்துப் பிடிக்க என்னைப் பதினைந்து முறை செய்ய வைத்தார். கடைசியில் அது என் கையில் தூங்கிப்போயிற்று. சிரிக்காமல், "இப்ப அதுக்கு உங்க கை பழகிட்டுது, ஊசி போடுங்க" என்றார். கையைக் கழுவும்போது நகக்கண்ணில் இருந்து முழங்கை வரை போவார். இருபது வயதுப் பையனான என்னையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே எனக்குப் பயமாக இருந்தது. அவரிடம் நானாகப் போய் எதுவும் கேட்டது கிடையாது. அவர் கேட்டால் பதில் சொல்வேன்.

அப்போது எங்கள் வேலை, வெள்ளை லெகார்ன் என்ற சீமைக்கோழி இனத்தின் முட்டைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது. வாரத்தில் ஒருநாள் தஞ்சாவூரில் இருந்து கருக்கட்டிய முட்டைகள் உமி நிரப்பிய கூடையில் வரும். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல்வரப்பு, வாய்க்கால் மதகு எல்லாம் தாண்டிப் போவேன். நாட்டு முட்டை ஒன்று கொடுத்தால் வெள்ளை முட்டை ஒன்று. நாட்டுச் சேவல் கொடுத்தால் லெகார்ன் சேவல். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது முட்டை இடும், வெள்ளைக்கோழி அதைப்போல மூன்று மடங்கு இடும் என்று டாக்டர் சொல்வார். கூலிக்காரர் வீட்டுக் குழந்தை தினம் ஒரு முட்டை சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் மனதார நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

கோழி பெண்கள் பாடு. நானோ பெண்களை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாதவன். ஒரு வாய்க்காலை ஒட்டிய கூலிக்காரர் தெருவுக்கு நான் முதலில் போனபோது, முப்பது வீட்டுப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் கூடையைப் பார்த்துக்கொண்டே அடை வைக்கும் முறையைச் சொன்னேன். கூட்டத்தில் அஞ்சலை என்பவள், முப்பது வயதிருக்கும், "சார், கொஞ்சம் தலையைத் தூக்குங்க, கோழி கூரை மேல நிக்குது" என்றாள். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து நான் அங்கே முட்டை சார்.

சார் என்று அவர்கள் கூப்பிட்டதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய தாய் தகப்பன் காலத்தில் வேட்டி கட்டியவன் எவன் வந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தெருமுனையில் கொடிக்கம்பம் நட்டிருந்தார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்திருந்தது. அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் அதில் முக்கியமான ஆள். சாமி என்ற வார்த்தையைத் தெருவில் யாரும் சொல்லக் கூடாது என்று அவன்தான் கட்டுப்பாடு வைத்தவன்.

அடை வைப்பதை அந்தப் பெண்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தார்களே தவிர நான் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. முட்டையிட்டு முடிந்த கோழி ஒருநாள் தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வெறுந்தரையிலும் உட்கார்ந்து எழுந்திருக்காது. அதுதான் அடைக்கோழி. பழங்கூடையில் மணல் பரப்பி, சாம்பல் தூவி, செள்ளுப்பூச்சி பிடிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு, மேலே வைக்கோல் வைப்பார்கள். இடி சத்தத்துக்குக் கரு கலங்கக் கூடாது என்று ஒரு இரும்புத்துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும் ஓரத்தில் இருக்கும். முட்டை ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். ஒன்பது, அல்லது பதினொன்று. கோழி ஒருநாளைக்கு ஒரு தடவை இறங்கித் தீனி தின்று, தண்ணீர் குடித்து, கால்மணி நேரத்தில் திரும்பிவிடும். இருபத்தோராம் நாள் குஞ்சு. குஞ்சு வந்த பிறகு இரண்டு மாதம் பருந்துக்கும் கீரிக்கும் அந்தத் தாய்தான் காவல். வீட்டுக்காரி நாற்று நடப் போய்விடுவாள். கோழி குப்பைமேட்டில் தன் பாட்டுக்கு வளர்த்துவிடும்.

என் பங்குக்கு நான் கற்றுக் கொடுத்தது வேறு. எங்கள் நிலையச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அடை உட்காருவது முட்டை நஷ்டம் என்று அதில் எழுதியிருக்கும். குஞ்சு வேண்டாத நேரத்தில் அடை உட்கார்ந்த கோழியைப் பச்சைத்தண்ணீரில் வயிறு நனைய மூன்று தடவை முக்கி, வைக்கோல் இல்லாத கூடையில் காற்றாடக் கவிழ்த்து வைத்தால் மூன்று நாளில் அடை கலைந்து மறுபடி முட்டையிடத் தொடங்கும். அந்தத் தெருவில் இதை நான் செய்து காட்டினேன். முதல் தடவை பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

மூன்று வருஷத்தில் தெரு முழுக்க வெள்ளைக்கோழி. முட்டை நிறைய வந்தது, பொய் சொல்லக் கூடாது. டாக்டர் ஒருமுறை என்னோடு வந்து, ஒரு குழந்தை அவித்த முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆனால் வெள்ளைக்கோழி இடும், எழுந்து போய்விடும். எந்தக் கோழியும் அடை உட்காரவில்லை. பழைய நாட்டுக்கோழிகளில் பாதி ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோயில் போயின. மீதியைக் குழம்பு வைத்துவிட்டார்கள். நாட்டுச் சேவல்களை நான் மாற்றி எடுத்துப் போய்விட்டேன். வெள்ளைக்கோழிகளையோ பருந்து வானத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடும். போன கோழிக்குப் பதில் குஞ்சு பொரிக்கத் தெருவில் கோழி இல்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. அஞ்சலை வீட்டில் ஒரு கருங்கோழி. அது அவளுடையது இல்லை. மிராசுதார் வீட்டுக் கோழி. அந்த வீட்டில் கோழிக்கறி சாப்பிடுவார்கள், ஆனால் கொல்லையைக் கிளறும் என்று கோழி வளர்க்க மாட்டார்கள். அதனால் வாரத்துக்கு விடுவார்கள். வளர்ப்பது அஞ்சலை, அந்தக் கோழி இட்டுப் பொரிக்கும் குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி அவர்களுக்கு. அடுத்தவர் கோழி என்பதால் அதை மாற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை. அதனால்தான் அது தப்பியது.

அந்தக் கருங்கோழி தை மாதத்தில் அடை உட்கார்ந்தது. தெருப் பெண்கள் கூடிப் பேசினார்கள். அஞ்சலையின் தங்கையைச் சீர்காழிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே இன்னும் நாட்டுக்கோழி, நாட்டுச் சேவல் இருந்தன. ஒருத்தி பஸ் ஏறிப் போய், சேர்ந்துகொண்ட பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு முட்டை, உமியில் பொதிந்து கொண்டுவந்தாள். வீட்டுக்கு ஒரு குஞ்சாவது வந்தால் அதிலிருந்து மறுபடி அடைக்கோழி உண்டாக்கிவிடலாம். சேவலும் பெட்டையும் தெருவுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு இரட்டைப்படை என்பதால் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அஞ்சலை தன் வீட்டு முட்டையை எடுத்துவிட்டாள். பதினோரு முட்டையிலும் அந்தந்த வீட்டுக்காரி கரியால் அடையாளம் போட்டாள். ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு வட்டம். ஒருத்தி அரிவாள் வரைந்திருந்தாள். ஏழாம் நாள் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொன்றிலும் கரு இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நல்ல முட்டை என்று சொன்னபோது ஒரு கிழவி என் தாடையைத் தொட்டு முத்தம் வைத்தாள். நான் கூசிப்போனேன்.

அந்த நேரத்தில்தான் சம்பா அறுவடைக் கூலித் தகராறு முற்றியது. கூலி உயர்வு கேட்டுத் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். வரப்பில் கல் பறந்தது. இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. தெருமுனையில் போலீஸ் உட்கார்ந்தது. அந்தத் தெரு ஆள் மிராசுதார் தெருவுக்குள் போக முடியாது, அந்தப் பக்கத்து ஆள் இங்கே வர முடியாது. இரண்டு இடத்துக்கும் போக முடிந்த ஒரே ஆள் முட்டைக்கூடை கட்டிய சைக்கிளோடு நான்தான்.

மிராசுதாரின் காரியக்காரர் ஒருநாள் காலையில் என்னை வழியில் நிறுத்தினார். பெரிய உடம்பு, வெற்றிலை வாய். வாரத்துக்கு விட்ட மாடு, ஆடு எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட்டார்களாம், கோழி ஒன்றுதான் பாக்கி. குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்ததில் இருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பயம்.

"நெலத்தை உழுதவன் பேருல எழுதணுங்கறானுவ. நாளைக்குக் கோழிக்குத் தீனி போட்டவன் பேருல கோழியை எழுதுவானுவ. வேணாம் தம்பி, கோழியைத் தூக்கிட்டு வந்துடுங்க. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள" என்றார்.

நான் அஞ்சலையிடம் போனேன். அவர் சொன்னதைச் சொன்னேன். அன்று பதினேழாம் நாள். இன்னும் நாலே நாள். கோவிந்தன் வீட்டில்தான் இருந்தான், நெற்றியில் கட்டோடு. அவன் கேட்டதுமே கோழியைக் கொடுத்துவிடு என்றான். அவர்களுடைய ஒரு இறகு கூட இந்தத் தெருவில் இருக்கக் கூடாதாம். ஊரே அடித்துக்கொண்ட அந்த நாளில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம், அந்தக் கோழி எழுந்திருக்க வேண்டும் என்பதுதான்.

முட்டையோடு கூடையாகவே கொண்டுபோய் அங்கே வைத்துப் பொரித்ததும் குஞ்சைக் கொண்டுவரலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். அது நடக்காது என்று அஞ்சலைக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கொல்லையில் பொரித்த குஞ்சில் பாதி எங்களுடையது என்று அங்கே பேச்சு வரும். முட்டை அவளுடையதாக இருந்தாலாவது விட்டுக் கொடுப்பாள். பதினோரு வீட்டு முட்டை.

என்னை வாசலுக்கு வெளியே கூட்டிவந்தாள். புருஷனுக்குக் கேட்காத குரலில், "சார், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. கோழிக்கு நோவு, நாலு நாளைக்கு இடத்தை விட்டு எடுக்கக் கூடாதுன்னு. கவுருமெண்டு சீட்டுன்னா ரெண்டு பேரும் அடங்குவாங்க" என்றாள்.

இல்லாத நோயை எழுதுவதா என்று எனக்கு வியர்த்தது. டாக்டர் முகம் கண் முன் வந்தது. அவரைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நிலையம் மூன்று மைல். மதியத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

போனேன். டாக்டர் மேஜையில் உட்கார்ந்து ஒரு கன்றுக்குட்டியின் கால்முறிவுக்கு மூங்கில் பத்தை சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன?" என்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல சார், தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். பானையில் இருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பினேன். இவ்வளவுதான் நான் செய்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்து அஞ்சலையிடம் முடியாது என்றேன். டாக்டர் முடியாது என்றாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவளே கையை நுழைத்துக் கோழியை எடுத்தாள். அது உறுமியது, அவள் மணிக்கட்டைக் கொத்தியது. வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து சூடாக இருந்தது. முட்டைச் சூடு. அதை என் கூடையில் வைத்துக் கட்டினேன்.

மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அதை இறக்கினேன். இறங்கியதும் அது சுவரோரமாக ஓடிக் கத்தத் தொடங்கியது. நின்று நின்று, தேடித் தேடிக் கத்தியது. சத்தம் கேட்டு வீட்டம்மா வந்தார். அமைதியான பெண்மணி, அவருக்கும் அந்த வாரம் தூக்கமில்லாத முகம். "ஏன் தம்பி இது இப்படிக் கத்துது? பாவமா இருக்கே" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா, இதுக்கு நாலு நாள்ல குஞ்சு வரப்போகுது என்று. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பாவம் என்று சொன்னவர். ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அடைக்கோழிங்கம்மா, அதான் கத்துது என்று மட்டும் சொன்னேன்.

"அதைக் கலைக்க ஏதோ முறை இருக்குதாமே. நீங்கதான் செஞ்சு காட்டினீங்களாமே. செஞ்சுட்டுப் போங்க, காதுல கேக்க முடியல."

மாட்டுத்தொட்டியில் தண்ணீர் இருந்தது. இறக்கையைச் சேர்த்துப் பிடித்து, அந்தச் சூட்டு வயிறு நனைய ஒரு தடவை முக்கினேன். அது திகைத்துப்போய்க் கத்துவதை நிறுத்தியது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. பிறகு வைக்கோல் இல்லாத கூடையில் கவிழ்த்து மூடினேன். முட்டை எப்படியும் போயிற்று, கோழியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் தெருவுக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் போனேன். முட்டை போகவில்லை. அஞ்சலையும் மற்றப் பெண்களும் உமியை மண்சட்டியில் வறுத்துத் துணிமூட்டை கட்டி, அதன் மேல் முட்டைகளைப் பரப்பி, பழம்புடவை போட்டு மூடியிருந்தார்கள். சூடு ஆற ஆற அடுத்த வீட்டில் வறுத்த உமி வரும். வீட்டுக்கு ஒரு முறை. சூடு போதுமா என்று கண் இமையில் முட்டையை வைத்துப் பார்த்தார்கள். கோவிந்தன் ஓரமாக உட்கார்ந்து அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தான். நான் டார்ச் அடித்தேன். இரண்டில் அசைவு இல்லை. ஒன்பதில் குஞ்சு அசைந்தது.

"உசுரு இருக்குல்ல சார்?" என்றாள் அஞ்சலை.

இருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். கண்ணெல்லாம் உமிப்புகையில் சிவந்திருந்தது.

இருபதாம் நாள் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை முடிந்தது. கூலி கொஞ்சம் ஏறியது. கேஸ்களைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொண்டார்கள். மிராசுதார் வீட்டம்மாவே கருங்கோழியைப் பழைய வாரத்துக்கே அஞ்சலைக்குத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். நான் அன்று தடுப்பு மருந்து கொடுக்கத் தெருவில் இருந்தேன். அஞ்சலை கோழியை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்தேன். பின்னால் பெண்கள் கூட்டம். அவ்வளவு சந்தோஷமான முகங்களை நான் அந்தத் தெருவில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கூடையில் வைக்கோலைச் சரிசெய்து, முட்டைகளை அடுக்கி, அதன் மேல் கோழியை மெதுவாக இறக்கினாள். கோழி எழுந்து நின்றது. முட்டைகளைப் பார்த்தது. ஒரு முட்டையின் மேல் காலை வைத்துத் தாண்டி, கூடையை விட்டு இறங்கி, வாசலில் போய் மண்ணைக் கிளறத் தொடங்கியது.

மறுபடி பிடித்து வைத்தாள். மறுபடி இறங்கியது. மூன்றாம் தடவை கூடையைக் கவிழ்த்து மூடினாள். உள்ளே இறக்கை அடித்து ஒரு முட்டை உடைந்தது. முழுக் குஞ்சு, ஈரமாக, கண் மூடி.

"ஏன் சார் உக்கார மாட்டேங்குது? மூணு நாள்ல மறந்துடுமா?"

அவள் கோழியைப் பிடித்து வயிற்றைத் திருப்பிப் பார்த்தாள். சூடு இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தண்ணியில முக்குனீங்களா?"

தலையை ஆட்டினேன். கூட்டத்தில் யாரோ என்னை ஏசத் தொடங்கினார்கள். அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தினாள். "வுடுங்கடி. அவரு கத்துக் குடுத்ததுதான. நாமளும்தான செஞ்சோம்" என்றாள். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இப்போதும் தோன்றுகிறது.

உமிமூட்டை மறுபடி வந்தது. ஆனால் பொரிக்கும் நேரத்தில் வேண்டிய ஈரம் தாயின் வயிற்றில் இருக்கிறது, வறுத்த உமியில் இல்லை. இருபத்திரண்டாம் நாள் இரண்டு முட்டையில் ஓடு விரிசல் விட்டு மூக்கு தெரிந்தது. ஒன்று நாள் முழுக்கக் கத்தியது. உள்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொண்டது. நான் வெதுவெதுப்பான தண்ணீரைத் துணியில் நனைத்துத் தடவிப் பார்த்தேன். சாயந்தரம் சத்தம் நின்றது. பதினோரு வீட்டுக்கும் ஒன்றும் இல்லை.

எங்கள் வழக்கப்படி இதையெல்லாம் நான் தினக்குறிப்பில் எழுதியிருந்தேன், தண்ணீர் குடித்ததைத் தவிர. டாக்டர் வாரக் கடைசியில் படித்தார். என்னை உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"நோய்னு சீட்டு கேட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்ன செஞ்சீங்க?"

இல்லாத நோயை எழுதக் கூடாதே சார் என்றேன்.

"கூடாதுதான். அடையில இருக்கிற கோழியைக் கடைசி வாரத்துல இடம் மாத்தக் கூடாதுன்னு எழுதலாமே. அது உண்மைதான? அதுக்குக் கையெழுத்துப் போட எனக்கு என்ன தடை? நானே வந்து ரெண்டு பக்கமும் பேசியிருப்பேனே." தினக்குறிப்பை மூடிவிட்டு, "என்னைக் கேக்கக் கூடாதுன்னு உங்களுக்கு எதனால தோணிச்சு?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அவர் எழுந்து சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கழற்றி, மடித்து, அலமாரிக்கு மேலே வைத்தார். நாட்டுச் சேவலை வாங்குவதை அன்றோடு நிறுத்தினார். மேலே எழுதிப் பார்த்தார், பதில் வரவில்லை. அடுத்த வருஷம் அவரை மாற்றிவிட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தண்ணீர் குடித்த கதையை அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு அதிராம்பட்டினம், சீர்காழி, இன்னும் பல இடங்கள். எங்கும் நான் கோழியைத் தண்ணீரில் முக்கவில்லை, முக்கச் சொல்லவும் இல்லை. மற்றவர்கள் சொன்னார்கள். பெரிய பண்ணைக் குஞ்சுகள் ஊர் ஊராக வந்தன. அடை உட்காருகிற கோழி அரிதாகிக்கொண்டே போயிற்று. ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு இதுதான் பதில். நாங்கள்தான் கலைத்தோம். நல்ல எண்ணத்தோடு, வீடு வீடாகப் போய்.

டாக்டர் மாறிப் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வட்டாரத்தில் எங்கெங்கே அடைக்கோழி மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். அவற்றின் முட்டையைப் பரப்பலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. அந்தத் தெருவுக்கும் போனேன். பெண்கள் முன்போலவே பேசினார்கள், கேலி செய்தார்கள். அஞ்சலை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவள் தங்கை சீர்காழியில் இருந்து வந்து போயிருந்ததாகச் சொன்னாள். வாசலில் நின்றபடியே, கருங்கோழியோ வேறு கோழியோ அடை உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க சார்" என்றாள். சொல்லிக்கொண்டே, திறந்திருந்த கதவைப் பின்கையால் இழுத்துச் சாத்தினாள்.

கதவுக்கு உள்ளே, தொண்டைக்குள் அடங்கின உறுமல் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.